மூன்று ஓலையும் மூன்று ஜிபியும்

அனிட்டாவின் சிரிப்புக்கு விலை, நிமிடத்துக்குப் பத்து எம்பி. பல் தெரியச் சிரித்தால் பதினொன்று. முகம் வேண்டாம், குரல் போதும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டால் அரை எம்பியில் காரியத்தை முடித்துவிடலாம். ஆனால் நிச்சயித்த பெண்ணிடம் முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தப்பித்த மாப்பிள்ளை யாரும் மத்திகிரியில் இருப்பதாகத் தகவல் இல்லை.

லியோவுக்கு அந்தத் துணிச்சல் அறவே கிடையாது. ஓசூரில் ஸ்கூட்டருக்கு பிரேக் செய்யும் கம்பெனியில் வேலை, மத்திகிரியில் கெம்பம்மாவின் லைன் வீட்டில் அறை, அனிட்டா இருப்பதோ சாமல்பட்டியில். அவன் ஷிப்ட் முடிந்து கை கழுவுவதற்குள் அவள் கூப்பிடுவாள். சிம் கம்பெனி ஒரு நாளைக்கென்று அளந்து ஊற்றுகிற ஒன்றரை ஜிபி, சாப்பிட்டாயிற்றா என்று இருவரும் ஒருவரை ஒருவர் விசாரித்து முடிப்பதற்குள் தீர்ந்துபோகும்.

லைனில் இருந்த எல்லோருக்கும் இதே பஞ்சம்தான். பஞ்சத்தைக் கண்டதும் கடை விரித்தவர் பக்கத்து அறைப் பூங்கொடி. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம். கணவர் ரத்தினவேல் இரவு ஷிப்டுக்குப் போவார், வருவார், தூங்குவார். மீதி நிர்வாகம் முழுவதும் பூங்கொடியுடையது. அவர் ஆரம்பித்ததுதான் டேட்டா சீட்டு. ஒரு பழைய போன், அதில் ஒரு பொது சிம், நாளைக்கு மூன்று ஜிபி. தகரக் கூரைக்குக் கீழே அறைகளில் சிக்னல் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் நடுவில் தத்தளிக்கும் என்பதால், சீட்டு போன் ஒரு டிபன் பாக்ஸுக்குள் உட்கார்ந்து மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் குடியிருந்தது. அங்கிருந்து ஹாட்ஸ்பாட்டாகக் கீழே பொழியும். திங்கள் முதல் வெள்ளிவரை ஐந்து பேருக்கு ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை பூங்கொடிக்கு, சீட்டு நடத்துகிற கூலி. சனிக்கிழமைக்குக் கிராக்கி அதிகம் என்பதால் அதை மட்டும் ஏலத்தில் விடுவார்.

பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரியும். அடுத்தவர் நாளில் அவரவர் போனில் வைஃபை பொத்தானை அணைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். "பூட்டுப் போட்டா நம்பிக்கை போயிரும்" என்பார் பூங்கொடி. பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்க அவருக்குச் சோம்பல் என்பதும் ஒரு காரணம்.

அந்த வாரம் சனிக்கிழமைச் சீட்டை லியோ எடுத்தான். அதற்காக அடுத்த இரண்டு முறையைப் பறிகொடுத்தான். அவனைவிட அவசரக்காரன் அந்த லைனில் யாரும் இல்லை.

அவசரம் இதுதான். கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை படிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று அறிவிப்பு. ஓலை படிப்பதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பங்குத்தந்தையிடம் மந்திரம், அதாவது செபங்கள், பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அனிட்டா ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு வந்துவிட்டாள். லியோ, கிறிஸ்துமஸுக்கு முந்தைய முகூர்த்தத்துக்கு ஒரு முறை போய், விசுவாசப் பிரமாணத்தின் நடுவில் தொலைந்துபோய், வெறுங்கையோடு திரும்பியவன். இப்போது தவக்காலம் வரப்போகிறது. அது தொடங்கினால் கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை, ஈஸ்டர் தாண்ட வேண்டும். வருகிற ஞாயிறு முதல் ஓலை படித்தால்தான் மூன்று ஞாயிறு கணக்கு தவக்காலத்துக்கு முன்னால் அடங்கும். கம்பெனியிலோ சனிக்கிழமை லீவு கிடையாது. சாமல்பட்டிப் பங்குத்தந்தை அருள்ஜோசப் மனமிறங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வீடியோவில் ஒப்பித்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

அனிட்டாவும் தன் பங்குக்கு ஒன்று சொல்லியிருந்தாள். "இன்னொரு தடவ தள்ளிப் போச்சுன்னா நான் கன்னியர் மடத்துல சேந்துடுவேன். அங்க நெட்வொர்க்கும் நல்லா இருக்குதாம்."

"சும்மா மிரட்டறாடா, போக மாட்டா" என்று அறைத் தோழன் கமலக்கண்ணன் தைரியம் சொன்னான். கரூர்க்காரன். லியோவுக்கு ஒன்றிரண்டு வயது மூத்தவன், வெல்டிங் பிரிவு.

"அண்ணே, பத்துக் கட்டளையில ஏழுதான் வருது."

"ஏழு வந்தா எழுவது மார்க்குடா. நான் பிளஸ் டூவுல எடுத்தத விட ஜாஸ்தி."

"விசுவாசப் பிரமாணத்துல மார்க் கிடையாதுண்ணே. முழுசா வரணும்."

கமலக்கண்ணன் யோசித்தான். அவன் யோசனை எப்போதும் கையில் இருக்கிற பொருளிலிருந்தே கிளம்பும். அப்போது அவன் கையில் இருந்தது போன். மேலிருந்து திரையை இழுத்து வைஃபை பொத்தானை ஒரு முறை அணைத்தான், ஒரு முறை போட்டான். முகம் மலர்ந்தது.

"வைஃபைல பேசிட்டு இருக்கறப்ப இத அணைச்சா என்ன ஆகுது?"

"சிம்முக்குத் தாவுது."

"தாவறப்ப?"

"படம் நிக்குது. ரெண்டு பக்கமும் ஒண்ணும் கேக்காது. கொஞ்ச நேரம் கழிச்சு வருது."

"அந்தக் கொஞ்ச நேரத்துல ஒரு மனுஷன் எத்தன வரி படிக்கலாம்?"

அன்றைக்கே ஒத்திகை பார்த்தார்கள். பூங்கொடி தன் அறையில் உட்கார்ந்து சாமியாராக நடித்தார். லியோ இந்த அறையில் மாப்பிள்ளையாகவே நடித்தான். கமலக்கண்ணன் கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, லியோ தடுமாறும்போதெல்லாம் கையை மட்டும் நீட்டி வைஃபையை அணைத்தான். அறைக்குள் லியோவின் சிம்முக்குச் சிக்னல் அரை உயிர்தான். கிணற்றில் விழுந்தவன் கயிற்றைத் தேடுவது போல போன் டவரைத் தேடியது. அதற்குள் லியோ சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து மூன்று வரி விழுங்கினான். மறுபடி வைஃபை. படம் உயிர் பெற்றது.

"நெட்வொர்க் சரியில்ல ஃபாதர், எங்க விட்டேன்?" என்றான் லியோ, கண்ணில் நீர் வராத குறையாக.

"அம்புட்டும் சரியா இருக்கு" என்று பக்கத்து அறையிலிருந்து சத்தம் போட்டார் பூங்கொடி. "ஆனா ஒண்ணு தம்பி, நாம நிறுத்துனாத்தான் நிக்கணும். தானா நிக்கக் கூடாது. சீட்டு போனு காத்தடிச்சா கர்நாடகா டவருக்குப் போயிருது. கெட்டியான வைஃபை ஒண்ணு வேணும்."

கெட்டியான வைஃபை லைனில் ஒருவரிடம்தான் இருந்தது. வீட்டுக்காரி கெம்பம்மா. கண்ணாடி இழை இணைப்பு, மாதம் முழுக்க வரம்பில்லை, அத்தனையும் அவர் பார்க்கிற ஒரே ஒரு கன்னட சீரியலுக்கு. வைஃபை டப்பாவை டிவிக்குப் பக்கத்தில் அலமாரிக்குள் வைத்திருந்தார். அவர் வீட்டுக் கதவைத் தாண்டி ஒரு கோடு சிக்னல் வெளியே வந்தால் வாடகைக்காரன் தின்றுவிடுவான் என்ற முன்யோசனை.

தூது போனவர் பூங்கொடி. லியோவும் கமலக்கண்ணனும் பின்னால் பவ்யமாக நின்றார்கள்.

"வைஃபையா? பேடம்மா, பேடா" என்று கன்னடத்தில் மறுத்தார் கெம்பம்மா. "ஒருத்தனுக்குக் குடுத்தா ஓணான் மாதிரி எல்லாரும் செவுத்துல ஒட்டிக்குவீங்க."

"கல்யாணக் காரியம்மா. பையன் முகத்தப் பாருங்க."

கெம்பம்மா பார்த்தார். முகத்தில் பெரிய வருமானம் எதுவும் தெரியவில்லை. "மேல தொட்டி கழுவி ஆறு மாசம் ஆச்சு."

"அதுக்கென்ன, இந்த ஞாயித்துக்கிழம பசங்க கழுவிருவாங்க."

"மாசாமாசம் கழுவணும்."

"மாசாமாசம் இவனுக்குக் கல்யாணமா ஆகப்போகுது? ஒரு தடவ தொட்டி. கூட, வாசல்ல இருக்கற செங்கல அடுக்கித் தர்றோம்."

"செங்கல் அடுக்கி, தொட்டி ரெண்டு தடவ."

"தொட்டி ஒரு தடவ, செங்கல், உங்க போனுல விட்டுப்போன சீரியல் எப்படிப் பாக்கறதுன்னு சொல்லித் தர்றேன்."

கெம்பம்மாவின் புருவம் ஏறி இறங்கியது. விட்டுப்போன சீரியல் என்பது தொட்டியைவிடப் பெரிய சரக்கு. அதைக் காட்டிக்கொள்ளாமல், வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினார். "ஆயித்து. ஆறரைக்கு டப்பாவ ஜன்னல்ல வெச்சிடறேன். ஏழு மணிக்கு நம்ம சீரியல். ஏழு அடிச்சா டப்பா உள்ள வந்துடும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட ஆகாது."

"ஏழுக்கு மேல போனா?" என்று பூங்கொடியின் காதில் லியோ கேட்டான்.

"ஏழுக்கு மேல சீட்டு இருக்குல்ல. மூணு ஜிபி அப்படியே வெச்சிரு, பகல்ல தொட்டுறாத. டப்பா போனா சீட்டுக்குத் தாவிக்கிரும்."

பாஸ்வேர்டு லியோவுக்கு மட்டும்தான் என்பது ஒப்பந்தம். லியோ அதைக் கமலக்கண்ணனுக்குச் சொன்னான், உதவிக்கு வேண்டுமே என்று. கமலக்கண்ணன் பூங்கொடிக்குச் சொன்னான், பேரம் பேசியவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லையே என்று. பூங்கொடி தன் போனிலும், தூங்கிக்கொண்டிருந்த ரத்தினவேல் போனிலும் அதைத் தட்டினார். வரம்பில்லாத வைஃபை அரைமணி நேரம் சும்மா கிடைக்கும்போது புருஷனைப் பட்டினி போடுகிறவர் அல்ல அவர். ஆக, சனிக்கிழமை ஆறரைக்கு டப்பா ஜன்னலுக்கு வந்தபோது, லைனில் மூன்று போன்களில் அணைந்து கிடக்க வேண்டிய வைஃபை பொத்தான்கள் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. அது சீட்டு இல்லையே, கெம்பம்மாவுடையதுதானே.

ஃபாதர் அருள்ஜோசப் ஆறேமுக்காலுக்குக் கூப்பிட்டார். திரையில் அவருடைய கண்ணாடியும், பின்னால் பங்கு வீட்டு நாட்காட்டியும், ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அனிட்டாவும் தெரிந்தார்கள். லியோ புதுச் சட்டை போட்டிருந்தான். கட்டிலுக்குக் கீழே கமலக்கண்ணன். கதவோரம், ஃபாதருக்குத் தெரியாத கோணத்தில் பூங்கொடி.

"என்ன லியோ, வேர்க்குது? ஓசூர்ல குளிர்னு சொன்னாங்க."

"கூரை தகரம் ஃபாதர்."

கர்த்தர் கற்பித்த செபம் நன்றாகப் போயிற்று. அருள் நிறைந்த மரியாவும் போயிற்று. ஃபாதர் பத்துக் கட்டளைக்கு வந்தார். லியோ விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தான். ஏழாவது, களவு செய்யாதிருப்பாயாக. எட்டாவது விரல் எழுந்து நின்றது. அதற்கு மேல் எதுவும் எழவில்லை.

கட்டிலுக்குக் கீழிருந்து கை நீண்டது. ஃபாதரின் படம், வாய் பாதி திறந்தபடி நின்றது. லியோ சுவரைப் பார்த்தான்: பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக. பிறகு மீதி இரண்டும். கை மறுபடி நீண்டது. ஃபாதர் அசைந்தார்.

"நெட்வொர்க் போயிடுச்சு ஃபாதர். எட்டாவது, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக."

"ஆமா" என்றார் ஃபாதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "சரியா அந்த இடத்துல போச்சு. இருக்கட்டும். விசுவாசப் பிரமாணம்."

லியோ மூச்சை இழுத்து ஆரம்பித்தான். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி, அனிட்டா உதடசைத்ததைப் பார்த்து வந்தது. அப்போதுதான் ஏழடித்தது. கெம்பம்மா வாக்குத் தவறாதவர். ஜன்னலில் இருந்த டப்பாவை, குழந்தையைத் தூக்குவது போல ஒயரோடு தூக்கிக்கொண்டு அலமாரிக்குப் போனார்.

லியோவின் போன் ஒரு நொடி திகைத்து, திட்டப்படியே சீட்டு போனுக்குத் தாவியது. ஆனால் அது தனியாகத் தாவவில்லை. கமலக்கண்ணனுடைய போனும் தாவியது. பூங்கொடியுடையதும் தாவியது. ரத்தினவேலுடைய போன், அவர் தலைமாட்டில் சார்ஜில் கிடந்தபடியே தாவியது. மூன்றும் சீட்டின் பாஸ்வேர்டு தெரிந்த போன்கள். மூவரும் சிக்கனக்காரர்கள், வைஃபை கிடைத்தால் மட்டும் படங்களை மேலே ஏற்று, வைஃபை கிடைத்தால் மட்டும் அப்டேட் செய் என்று தங்கள் போன்களிடம் கண்டிப்பாகச் சொல்லி வைத்தவர்கள். போனுக்கு வைஃபை என்றால் வைஃபை. அது கெம்பம்மாவின் கண்ணாடி இழையா, டிபன் பாக்ஸுக்குள் இருக்கும் மூன்று ஜிபியா என்று மோந்து பார்க்கத் தெரியாது. மாமனார் வீட்டுக்கு வந்த மருமகன் போல, இலையைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடும். கெம்பம்மாவின் அரைமணி நேரத்தில் அடங்காத பல மாதப் பசியோடு மூன்றும் உட்கார்ந்தன.

லியோவுக்கு மிஞ்சியது ஒரு நூல். அந்த நூலில் படம் வராது. குரல் வரும். போன் அந்த நிலைமையில் செய்கிற முதல் காரியம் படத்தைக் கைவிட்டுக் குரலைக் காப்பாற்றுவதுதான். இது அறைக்குள் இருந்த யாருக்கும் தெரியாது.

அவர்கள் பார்த்ததெல்லாம், ஃபாதர் கண்ணை மூடி, விரலை உதட்டில் வைத்தபடி உறைந்துபோனதை.

"அண்ணே, அதுக்குள்ள ஏன் அணைச்ச? ரெண்டாவது வரியே இப்பத்தான் முடிஞ்சுது."

"நான் அணைக்கலடா." கட்டிலுக்குக் கீழிருந்து கமலக்கண்ணன் தலையை நீட்டினான். "தானா நின்னுருச்சு."

"டப்பா போச்சுல்ல, அதான்" என்று பூங்கொடி உள்ளே வந்து திரையை எட்டிப் பார்த்தார். "நல்லதாப் போச்சு. படி, படி. சாமியாரு கண்ண மூடிட்டாரு, எந்திரிக்க நேரமாகும்."

"தாள் எங்க?"

மின்விசிறிக் காற்றில் தாள் சுவரைவிட்டுக் கட்டிலுக்குப் பின்னால் விழுந்திருந்தது. கமலக்கண்ணன் தேடவில்லை. "அது எதுக்குடா, நான் சொல்றேன், நீ கேட்டுக்க" என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் எழுத்திலிருந்து ஆமென் வரை, எங்கும் மூச்சு முட்டாமல் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடித்தான்.

லியோ வாயைப் பிளந்தான். "உனக்கு எப்படிண்ணே?"

"மூணு மாசமா என் காதுகிட்டயே கத்திட்டு இருக்கியே. உனக்கு ஏறல, எனக்கு ஏறிருச்சு. எங்க மாரியாத்தா கோவிச்சுக்காம இருக்கணும்."

"இன்னும் நின்னுட்டேதான் இருக்காரு" என்றார் பூங்கொடி, திரையை ஆராய்ந்தபடி. "பாவம், நல்ல மனுஷனாத்தான் தெரியுறாரு. ஆனா பொண்டாட்டி புள்ள இல்லாதவருக்கு, ஒரு கல்யாணம் தள்ளிப் போனா என்ன பாடுன்னு எப்படித் தெரியும்? நம்ம பையன் நூறு வண்டிக்கு பிரேக் செய்றான், அத யாரு கேக்கா? மந்திரத்தக் கேக்காரு."

"அப்படிச் சொல்லாதக்கா" என்றான் லியோ. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். "அவர் மேல தப்பில்ல. படிக்கணும்னுதான் தெனம் உக்காருவேன். உக்காந்ததும் அவ போன் வரும். படிக்கிறதா, பேசறதான்னு பாத்தா பேசிடறேன். இந்த லைன்ல எனக்குச் சாப்பாடு மேல ஆசையில்ல, தூக்கத்து மேல ஆசையில்ல. எட்டு மணி நேரம் மிஷின் சத்தம் கேட்டுகினு வர்றேன், அப்பறம் அவ ஒருத்தி சத்தம்தான். ஈஸ்டர் வரைக்கும் தள்ளினா அவ மடத்துக்குப் போவாளோ இல்லயோ, நான் மெண்டலாயிடுவேன். ஏமாத்தவும் இஷ்டமில்ல அண்ணே. படம் வந்ததும் உண்மையச் சொல்லிடறேன்."

"சொல்லிக்க" என்றது போன்.

மூவரும் திரையைப் பார்த்தார்கள். ஃபாதர் அப்படியேதான் இருந்தார். கண் மூடி, விரல் உதட்டில். குரல் மட்டும் வந்தது.

"படம்தான் நின்னுச்சு லியோ. சத்தம் நிக்கல."

பூங்கொடி கதவை நோக்கி நகர்ந்தார். "எங்கயும் போகாதீங்கம்மா" என்றது குரல். "பொண்டாட்டி புள்ள இல்லாதவன்தான். ஆனா வாரா வாரம் ஊர்ல இருக்கற புருஷன் பொண்டாட்டி சண்டை எல்லாம் என் காதுலதான் கொட்டுது."

பாவமறிக்கை செய்ய வருகிறவர்களுக்குக் குறுக்கே பேசாமல் காதை மட்டும் கொடுத்து உட்கார்ந்திருப்பது அவருடைய தொழில் என்பது இப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது.

"பிரமாணம் சொன்னவர் யாரு?"

"நானுங்க சாமி. கமலக்கண்ணனுங்க."

"நல்லாச் சொன்னீங்க. இங்க என் திரையில லியோ மூஞ்சி வாயத் தொறந்து நிக்குது, உங்க குரல் வருது. ஒரு நிமிஷம் அற்புதம் ஏதாச்சும் நடந்துடுச்சோன்னு பாத்தேன்." குரல் மாப்பிள்ளையிடம் திரும்பியது. "லியோ. படம் எத்தன தடவ நின்னுச்சு?"

"ரெண்டு தடவ ஃபாதர்."

"அதுல நீ நிறுத்துனது?"

"ஒண்ணு."

"எட்டாம் கட்டளையில."

"ஆமா ஃபாதர்."

"மத்த எதுலயாச்சும் நிறுத்தியிருக்கக் கூடாதா?" பெருமூச்சு அரை எம்பியில் துல்லியமாக வந்து சேர்ந்தது. "நாளைக்கு ஓலை படிக்க எனக்கு மனசு வரலப்பா. ஈஸ்டருக்கு அப்பறம் பாக்கலாம்."

சொல்ல வேண்டியதை எல்லாம் லியோ ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தான். அப்போது போனில் ஸ்டூல் நகர்ந்த சத்தம் கேட்டது.

"ஃபாதர்" என்றாள் அனிட்டா. "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"பாவசங்கீர்த்தனம் பண்றோம். நீங்க மன்னிப்புக் குடுக்கறீங்க. அபராதமா பத்து அருள் நிறைந்த சொல்லச் சொல்றீங்க. முதல்ல மன்னிப்பா, முதல்ல அபராதமா?"

"முதல்ல மன்னிப்புதான். அபராதம் வெளிய போய்ச் சொல்றது."

"வெளிய போய்ச் சொல்லலன்னா?"

"சொல்லணும். கடமை."

"அப்ப ஆண்டவரே கடனுக்குத்தான குடுக்கறார்? நாளைக்கு முதல் ஓலைய நீங்க கடனுக்குப் படிங்க. அவர் அடுத்த ஞாயிறு பஸ் ஏறி நேர்ல வந்து பத்துக் கட்டளை சொல்லட்டும், ரெண்டாவது ஓலை படிங்க. அதுக்கடுத்த ஞாயிறு விசுவாசப் பிரமாணம், மூணாவது ஓலை. வரலன்னா நிறுத்திக்குங்க. ரெண்டு ஓலை படிச்ச கல்யாணம் செல்லாதுன்னு ஊருக்கே தெரியும். உங்களுக்கு நஷ்டமே இல்ல."

கதவோரம் நின்ற பூங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு பெண் சீட்டில் பங்காளியாகக் கிடைத்தால் மத்திகிரி முழுவதையும் வளைத்துப் போட்டுவிடலாம்.

திரையில் ஃபாதர் முகம் உறைந்தே இருந்ததால், கோபமா சிரிப்பா என்று கணிக்க வழியில்லை. அன்றைக்குப் படம் போனதால் நேர்ந்த உண்மையான நஷ்டம் அது ஒன்றுதான்.

"இவன் படிக்காததுக்குக் காரணமே நீதான்னு இப்ப அவனே சொன்னான், கேட்டியா?" என்றார் ஃபாதர்.

"கேட்டேன் ஃபாதர்." அந்தக் குரலில் சிரிப்பு இருந்தது. "ராத்திரி நான் கூப்பிட்டதும் முதல்ல ஒரு மந்திரம் சொல்லணும். சரியா வந்தாத்தான் பேச்சு. அதுவரைக்கும் கட் பண்ணிடறேன்."

"கமலக்கண்ணன் சார், நீங்க பக்கத்துல இருந்து சரிபாக்கணும்."

"பாத்துக்கறனுங்க சாமி."

"லியோ, எட்டாம் கட்டளைய மட்டும் எட்டுத் தடவ எழுதி எடுத்துட்டு வா. அது எனக்கு. காலைல முதல் பூசையில ஓலை படிக்கறேன்." தொடர்பு அறுந்தது.

லியோ கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்தான். கமலக்கண்ணன் அவன் முதுகில் ஒன்று வைத்தான். பூங்கொடி மட்டும் கொண்டாட்டத்தில் சேராமல், படியேறிப் போய் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். சீட்டு போனில் குறுஞ்செய்தி வந்திருந்தது: இன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்தது. மூன்று ஜிபியை ஒரு குரல் சாப்பிட்டிருக்க முடியாது என்று அவர் வியாபார மூளைக்கு உடனே பட்டது. ஒவ்வொரு போனாக வாங்கி எது எவ்வளவு இழுத்திருக்கிறது என்று பார்த்தார். கமலக்கண்ணன் ஊர்த் திருவிழாவில் எடுத்த படங்கள் அத்தனையும் மேலே ஏறியிருந்தன. ரத்தினவேலின் போன் தூக்கத்திலேயே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. தன்னுடைய போனைக் கடைசியாகப் பார்த்தார்; பார்த்துவிட்டு அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

"அக்கா, உன்னுது?" என்றான் கமலக்கண்ணன்.

"என்னுது கொஞ்சம்தான்."

"கொஞ்சத்தச் சொல்லு."

"நல்ல நாளும் அதுவுமா கணக்குக் கேக்காதப்பா."

"படம் நின்னதே நம்ம மூணு பேராலதான். அவன் பங்கத் தின்னதுல ஓலையும் போயிருக்கும். போடு குரூப்புல."

பூங்கொடி திட்டிக்கொண்டேதான் தட்டினார். ஆனால் தட்டியது சுத்தமான கணக்கு. அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. எல்லோருடைய போனிலும் வந்து விழுந்தது:

சனிக்கிழமைச் சீட்டு. எடுத்தவர் லியோ. வரவு 3000 எம்பி.
ஃபாதரோடு பேசியது: 5.
கமலக்கண்ணன், திருவிழாப் படங்கள்: 1275.
ரத்தினவேல், அப்டேட்: 960.
பூங்கொடி, வாட்ஸ்அப் பேக்கப்: 760.
ஆகச் செலவு 3000. சீட்டுக் கணக்கு நேர்.
லியோவுக்கு மூவரும் தர வேண்டியது: 2995 எம்பி.
லியோ ஃபாதருக்குத் தர வேண்டியது: பத்துக் கட்டளை ஒன்று, விசுவாசப் பிரமாணம் ஒன்று, எட்டாம் கட்டளை எழுத்தில் எட்டு.
ஃபாதர் லியோவுக்குத் தர வேண்டியது: ஓலை மூன்று. முதல் ஓலை கடன். பாக்கி இரண்டு.